நீலகிரியில் எது எப்போது விளைகிறது? உழவர் சந்தைக்கும் தோட்டத்துக்கும் போகுமுன்

ஊட்டி கேரட் ஊட்டியில் ஏன் மலிவாக இல்லை? ஏப்ரலில் குன்னூர் மலைச்சாலையில் பர்லியாறு வழியாகப் போனால் மங்குஸ்தான் ஏன் கண்ணில் படவில்லை? உழவர் சந்தையில் வாங்கியதெல்லாம் இயற்கை விளைச்சல்தானா? கோடை விடுமுறையும் வெளியூர் வாகனங்களுக்கான இ-பாஸும் செய்திகளில் அடிபடத் தொடங்கியதும் இந்தக் கேள்விகளும் சேர்ந்து கிளம்பும். வந்து போகிறவர்கள் மட்டுமல்ல, மலையிலேயே குடியிருப்பவர்களும் கேட்கிறார்கள்.

சுற்றுலாக் கூட்டம் ஏப்ரல், மே மாதங்களில் உச்சத்தைத் தொடுகிறது. செப்டம்பர், அக்டோபரில் சிறிய அளவில் இன்னொரு முறை வருகிறது. தோட்டங்கள் இந்தக் கால அட்டவணையைப் பார்த்து விளைவதில்லை. அவற்றுக்கு உயரம், மழை, பனி, மேட்டுப்பாளையம் மண்டி விலை என்று வேறு எசமானர்கள் இருக்கிறார்கள். அந்த வரிசையிலேயே பார்ப்போம்.

உயரம்தான் முதல் கணக்கு

மேட்டுப்பாளையத்தைத் தாண்டியதும் வரும் கல்லாறு கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர். ஊட்டி 2,240 மீட்டர். சாலை வழியே ஐம்பது கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் 1,800 மீட்டர் ஏறிவிடுகிறோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு டிகிரிக்கு மேல் குறையும் என்பது பொதுக் கணக்கு. கல்லாற்றில் வியர்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ஊட்டியில் ஸ்வெட்டர் தேவைப்படுவது இதனால்தான். மாவட்டம் ஒன்று என்றாலும் விளைநிலம் நான்கு:

1. அடிவாரமும் கீழ்ச்சரிவும் (கல்லாறு, பர்லியாறு). ஈரமும் வெப்பமும் சேர்ந்த இடம். மங்குஸ்தான், துரியன், ரம்புட்டான், பலா, ஜாதிக்காய், கிராம்பு, மிளகு ஆகியவை இங்கே விளைகின்றன. மங்குஸ்தானும் துரியனும் பெரும்பாலும் ஜூன் முதல் ஆகஸ்டு வரை. ஏப்ரலில் தேடியவருக்குக் கிடைக்காததன் காரணம் இவ்வளவுதான்.

2. நடுமலை (குன்னூர், கோத்தகிரி). பீச் ஏப்ரலில் தலைகாட்டும். பிளம்ஸ் மே, ஜூனில் குவியும். பேரிக்காய் ஜூலைக்குப் பின், பெர்சிமன் அதையொட்டி. பட்டர் ஃப்ரூட், மரத்தக்காளி ஆகியவையும் இந்தப் பகுதியின் வீட்டுத் தோட்டங்களில் உண்டு.

3. மேல்மலை (ஊட்டி, கேத்தி, நஞ்சநாடு, இத்தலார், எமரால்டு). கேரட், உருளைக்கிழங்கு, பீட்ரூட், முட்டைகோஸ், காலிஃபிளவர், நூல்கோல், டர்னிப், பட்டாணி, பூண்டு. நட்சத்திர ஓட்டல்களை நம்பிப் பயிரிடப்படும் புரோக்கோலி, லெட்யூஸ், சுகினி முதலியவையும் இங்கேதான்.

4. மேற்குச் சரிவு (கூடலூர், பந்தலூர்). காப்பி, மிளகு, இஞ்சி, நேந்திரன், பலா. மண்ணாலும் மழையாலும் இது ஊட்டியைவிட வயநாட்டுக்கு நெருக்கமான நிலம். கூடலூர் உழவர் சந்தையும் ஊட்டி உழவர் சந்தையும் ஒரே நாளில் முற்றிலும் வேறு முகம் காட்டுவதில் வியப்பில்லை.

பிளம்ஸ், பீச், பேரி மரங்களுக்கு ஒரு தனி நிபந்தனை இருக்கிறது. குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும் இம்மரங்கள், குறிப்பிட்ட மணி நேரம் குளிரில் இருந்தால்தான் ஒழுங்காகப் பூக்கும். இமயமலைப் பகுதியில் அந்தக் குளிர் தாராளம், நீலகிரியில் அளவானது. குறைந்த குளிரே போதும் என்னும் ரகங்கள்தாம் இங்கே நிலைத்தன. காஷ்மீர் ஆப்பிள் போன்ற ஒன்றை ஊட்டித் தோட்டத்தில் எதிர்பார்ப்பது மரத்தின் குணம் தெரியாமல் கேட்பது. குன்னூர் சிம்ஸ் பூங்காவில் மே மாதம் நடக்கும் பழக் கண்காட்சியில் டன் கணக்கில் அடுக்கி யானை, மயில் என்று உருவம் செய்யப்படும் திராட்சையும் ஆரஞ்சும் பெரும்பாலும் கீழிருந்து லாரியில் ஏறி வந்தவை. கண்காட்சியைப் பார்க்கலாம், ரசிக்கலாம். அதை வைத்து மலையின் விளைச்சலை எடைபோட முடியாது.

மழையும் உறைபனியும்

ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவமழை மேற்கு விளிம்பில்தான் கொட்டித் தீர்க்கிறது: கூடலூர், தேவாலா, பந்தலூர், அவலாஞ்சி. மலையைத் தாண்டிக் கிழக்கே வரும்போது மேகத்தில் சரக்கு குறைந்துவிடும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் பெருமழை தருவது அக்டோபருக்குப் பின் வரும் வடகிழக்குப் பருவமழை. ஆகவே 'மழைக்காலத்தில் காய் வரத்து குறையும்' என்று பொதுவாகச் சொன்னால், எந்த மழை, எந்தச் சரிவு என்று திருப்பிக் கேட்க வேண்டும். ஜூலையில் இத்தலார் பக்கம் சேற்றில் கால் வைக்க முடியாதபோது கோத்தகிரிப் பக்கம் அறுவடை நடந்துகொண்டிருக்கலாம்.

அடுத்தது உறைபனி. டிசம்பர், ஜனவரி, சில ஆண்டுகளில் பிப்ரவரி வரையிலும் அதிகாலையில் புல்வெளி வெள்ளை வெளேர் என்று கிடக்கும். குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவிலிருந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஊட்டியை அடுத்த தலைகுந்தாவும் ஊட்டிக் குதிரைப் பந்தய மைதானமும் முதலில் வெளுப்பதற்குக் காரணம் இது. சிக்கல் என்னவென்றால், கோடையிலும் தண்ணீர் நிற்கும் நல்ல காய்கறி நிலங்களும் இதே பள்ளங்களில்தான் இருக்கின்றன. நீர்வளம் மிக்க வயலைத்தான் பனி முதலில் கருக்கும். விடியுமுன் தெளிப்பான் வைத்து இலைமேல் படிந்த பனியைக் கழுவுவார்கள். பூங்காக்களில் 'கோத்தகிரி மிலார்' என்னும் செடியை வெட்டி வந்து நாற்றுகளுக்குப் போர்வையாகக் கவிழ்ப்பார்கள். ஏக்கர் கணக்கான முட்டைகோஸுக்கு அது முடிகிற காரியமா? கடும்பனி அடித்த வாரத்துக்குப் பின் ஊட்டிச் சந்தையில் கீரையும் பீன்ஸும் மெலிந்து கிடப்பதை யாரும் பார்க்கலாம். மண்ணுக்குள் இருக்கும் கிழங்குவகை ஓரளவு தப்பிக்கும்.

உருளைக்கிழங்கு: மூன்று போகம்

மேல்மலை விவசாயிகள் உருளைக்கிழங்குக்கு மூன்று போகம் சொல்வார்கள். ஆண்டின் தொடக்கத்தில் பாசன நீரை நம்பி நடுவது நீர்போகம். கோடை மழையோடு ஏப்ரல், மே வாக்கில் நடுவது கார்போகம். ஆகஸ்டு, செப்டம்பரில் நடுவது கடைபோகம். நட்டதிலிருந்து தோண்டுவதற்கு ஏறத்தாழ நான்கு மாதம் என்று வைத்துக்கொண்டால், உள்ளூர்ப் புதுக்கிழங்கு மே-ஜூனிலும், ஆகஸ்டு-செப்டம்பரிலும், ஆண்டு இறுதியை ஒட்டியும் வர வேண்டும். இந்த மூன்று அலைகளுக்கு இடைப்பட்ட நாட்களில் கடையில் 'ஊட்டி உருளை' என்று கூவினால் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. மண் ஒட்டியிருப்பது மட்டும் அத்தாட்சி ஆகாது. மண்ணை எங்கிருந்தும் ஒட்டலாம். புதுக்கிழங்கின் தோல் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாலே உரிந்துவரும். குளிர்கிடங்கில் பல மாதம் கிடந்த கிழங்கு அப்படி உரியாது.

கார்போகத்துக்கு ஒரு சோதனை உண்டு. மழையும் மூடுபனியும் விடாமல் நின்றால் கருகல் நோய் இலையில் தொடங்கித் தண்டுக்கு இறங்கிவிடும். மருந்து தெளிக்க மழை விட வேண்டும், மழை விடாது. அந்த ஆண்டு பரப்பளவு எவ்வளவு இருந்தாலும் வரத்து சரியும்.

கேரட் இப்படிப் போகம் பார்க்காது. நூறு நாளுக்குச் சற்று மேல் நிற்கும் பயிர். தண்ணீர் இருந்தால் எந்த மாதமும் விதைக்கலாம். அதனால்தான் ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. அதனால்தான் விலையும் ஊஞ்சலாடுகிறது. விலை ஏறியிருக்கும்போது எல்லோரும் விதைக்கிறார்கள், மூன்றரை மாதம் கழித்து எல்லோரும் ஒன்றாகப் பிடுங்குகிறார்கள்.

விலை கீழே நிர்ணயமாகிறது

முதல் கேள்விக்கு வருவோம். கேத்தி பாலாடா பள்ளத்தாக்கில் கேரட் பிடுங்குவது பெரும்பாலும் இருட்டில் நடக்கும் வேலை. தலையில் டார்ச் கட்டிய ஆட்கள் பிடுங்கி, தழையை முறித்துச் சாக்கில் போடுவார்கள். சாக்கு நேரே கழுவும் இயந்திரத்துக்குப் போகும். கம்பிகளால் ஆன பெரிய உருளை சுழல, உள்ளே தண்ணீர் பாய, கேரட்டுகள் ஒன்றோடொன்று உரசிச் சேறு நீங்கிப் பளபளவென்று வெளியே விழும். தரம் பிரித்து மூட்டை கட்டினால் காலையில் லாரி மேட்டுப்பாளையத்தில் நிற்கும். உரசலில் மேல்தோலும் கொஞ்சம் போய்விடுவதால் இந்தக் கேரட் கழுவாத கேரட்டைவிடச் சீக்கிரம் வாடும். கழுவிய நீர் ஓடையில் கலப்பது பற்றிய புகாரும் நெடுநாளாக உண்டு. ஆனால் வாங்குகிறவர் கண்ணுக்குப் பளபளப்பு வேண்டியிருக்கிறது. கழுவாத கேரட்டுக்கு மண்டியில் மதிப்பில்லை.

ஏன் மேட்டுப்பாளையம்? மலையடிவாரம், ரயில் முனை, சமவெளிச் சாலைகள் கூடும் இடம் என்பதுதான் பழைய காரணம். அங்கிருந்து குன்னூருக்கு மலை ரயில் 1899-இல் ஓடத் தொடங்கியது. 1908-இல் ஊட்டியை எட்டியது. நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் 1935-இல் தோன்றியது. மேட்டுப்பாளையத்தில் அது நடத்தும் ஏலமும் தனியார் மண்டிகளும் சேர்ந்துதான் மலைக்காய்கறியின் விலையைத் தீர்மானிக்கின்றன. சென்னை, மதுரை, திருச்சி, கேரள வியாபாரிகள் அங்கே வாங்குகிறார்கள். பூண்டு அறுவடையின்போது விதைப்பூண்டு தேடி வடமாநில வியாபாரிகளும் வந்து நிற்பார்கள். அந்த நாட்களில் சமையல் பூண்டின் விலையும் உடன் ஏறும்.

இதன் விளைவுகள்:

1. ஊட்டியில் விற்கும் கேரட்டுக்கும் அடிப்படை மேட்டுப்பாளையம் விலையே. கீழே நல்ல விலை போகும்போது மேலே மலிவாகக் கொடுக்க யாருக்கும் அவசியமில்லை. வண்டிக்கூலி மிச்சம் என்பது உண்மை. அந்த மிச்சத்தைச் சில்லறைக் கடைக்காரர் தம் லாபத்தில் சேர்த்துக்கொள்வதும் உண்மை.

2. கர்நாடகத்தின் மாலூர், கோலார் பக்கம் கேரட் நன்றாக விளைந்தால், மலையில் ஒரு மூட்டைகூடக் கூடாமலே மலைக் கேரட்டின் விலை இறங்கும்.

3. மண்டிக்காரரிடம் விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் வாங்கிய விவசாயி, விளைச்சலை அவரிடமே அனுப்பியாக வேண்டும். பக்கத்திலேயே உழவர் சந்தை இருந்தும் பலர் அங்கே வராததற்கு இதுவே பெரிய காரணம். சோம்பல் என்று இதைச் சொல்வது அநியாயம்.

4. மூட்டைக்குள் போகாதவை உள்ளூரில் தங்கும். இரண்டாகப் பிளந்த கேரட், சிறுத்த பீட்ரூட், பத்துக் கிலோ அவரை, நாலு கட்டு கீரை. சுவையில் குறையில்லை, அளவில்தான் மண்டிக்கு ஆகவில்லை.

உழவர் சந்தை அட்டை எதைச் சொல்கிறது?

உழவர் சந்தைத் திட்டம் 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் அன்றைய முதல்வர் மு. கருணாநிதியால் தொடங்கப்பட்டது. நீலகிரியில் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் ஆகிய ஊர்களில் சந்தைகள் இருக்கின்றன. இடைத்தரகர் இல்லாமல் விளைவித்தவரே விற்பதுதான் அடிப்படை. கடைக்கு வாடகை இல்லை. தராசும் அரசே தருகிறது. விவசாயிக்குப் புகைப்படத்தோடு அடையாள அட்டை உண்டு. நிலமும் அதில் நிற்கும் பயிரும் சரிபார்க்கப்பட்ட பிறகே அட்டை வழங்கப்படுகிறது. அன்றன்றைய விலை காலையில் பலகையில் எழுதப்படும். மொத்த விலையைவிட ஏறத்தாழ 20 சதவீதம் கூடுதலாகவும், வெளிச்சந்தைச் சில்லறை விலையைவிட 15 சதவீதம் குறைவாகவும் இருக்க வேண்டும் என்பது நெறி. மொத்த விலைதான் இங்கும் அச்சாணி என்பதைக் கவனியுங்கள். உழவர் சந்தை மேட்டுப்பாளையத்தை ஒதுக்கிவிடவில்லை. அதற்குப் பக்கத்தில் ஒரு நியாயமான கோடு போடுகிறது.

அட்டை சொல்வது 'இவர் விவசாயி, இந்தப் பயிர் இவர் நிலத்தில் நிற்கிறது' என்பது மட்டும். ரசாயனம் போடாத விளைச்சல் என்று அது சொல்லவில்லை. இயற்கை விளைச்சலுக்கு என்பிஓபி (தேசிய இயற்கை உற்பத்தித் திட்டம்), பிஜிஎஸ்-இந்தியா (விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் உறுதியளிக்கும் முறை) என்று தனிச் சான்றுமுறைகள் இருக்கின்றன. சான்று பெற்ற பொதிகளில் 'ஜைவிக் பாரத்' முத்திரை இருக்கும். சிறு விவசாயி தம் விளைச்சலை நேரடியாக நுகர்வோருக்கு விற்கும்போது 2017-ஆம் ஆண்டின் இயற்கை உணவு விதிகள் சான்றிலிருந்து விலக்குத் தருகின்றன. ஆனால் அந்த முத்திரையை அவர் போட முடியாது. எனவே முத்திரை இல்லாத எல்லாமே பொய்யும் அல்ல, 'ஆர்கானிக்' என்று எழுதி மாட்டியதெல்லாம் மெய்யும் அல்ல. நேரில் பேசி, என்ன உரம், கடைசியாக எப்போது மருந்து தெளித்தது என்று கேட்பதைவிட நல்ல வழி வாங்குகிறவரிடம் இல்லை. விளைவித்தவருக்குப் பதில் தெரியும். வாங்கி விற்பவர் சுற்றி வளைப்பார்.

ஊட்டியில் தக்காளி, கத்தரி, வெண்டை, முருங்கை, சின்ன வெங்காயம் எல்லாம் கீழிருந்து ஏறி வந்தவை. அவற்றை மலை விளைச்சல் என்று எண்ணி வீட்டுக்குச் சுமந்துபோக வேண்டாம். அதற்குப் பதில் மேரக்காய் (சமவெளியில் சௌசௌ), நூல்கோல், தழையோடு கட்டிய கேரட், பச்சைப் பட்டாணி, முள்ளங்கி, மரத்தக்காளி என்று பையை நிரப்பலாம். கோத்தகிரிப் பக்கம் தேனும் கேட்டுப் பார்க்கலாம். மலைத்தேனீக்கள் பாறையில் கட்டும் அடைகளைப் பழங்குடியினர் எடுப்பது கோடையில்தான்.

தோட்டத்துக்குப் போகிறவர்கள்: மண்ணை மண்ணிலேயே விடுங்கள்

தோட்டம் பார்க்க இரண்டு வழிகள். ஒன்று, தோட்டக்கலைத் துறையின் பண்ணைகள். அவற்றில் பார்வையாளர்களை எப்போது, எவ்வளவு தூரம் விடுகிறார்கள் என்று முன்கூட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும். அரசுப் பண்ணையில் பழுத்துத் தொங்குகிறதே, அங்கேயே வாங்கலாம் என்ற எண்ணம் எப்போதும் பலிக்காது; பல பழங்களின் பறிப்புரிமை ஏலம் விடப்பட்டு, எடுத்தவர் சாலையோரத்தில் விற்பார். இன்னொரு வழி, தனியார் தோட்டம். அனுமதி கேட்காமல் இறங்குவது இங்கே மரியாதைக் குறைவு மட்டுமல்ல, ஆபத்தும்கூட. முந்தின நாள் மருந்து தெளித்த பாத்தியாக இருக்கலாம். தேயிலைச் செடி மறைவில் காட்டுமாடு நிற்கலாம்.

பலருக்குத் தெரியாத இன்னொரு காரணம் இருக்கிறது. 1961-இல் ஊட்டியில் உருளைக்கிழங்கு வேரைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியாவில் இது முதன்முதலாகப் பதிவானது இங்கேதான். கண்ணுக்குப் புலப்படாத இந்தப் புழு வேரில் புகுந்து சத்தை உறிஞ்சும். பெண்புழு இறந்ததும் அதன் உடலே கடினமான கூடாக மாறி, உள்ளே நூற்றுக்கணக்கான முட்டைகளைக் காக்கும். கடுகைவிடச் சிறிய அந்தக் கூடு, உருளைக்கிழங்கே பயிரிடாத நிலத்திலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு கிடக்கும். உருளைக்கிழங்கின் வேர் அருகில் வந்த வாசனை தெரிந்ததும் குஞ்சுகள் வெளியேறும். வேறு பயிருக்கு மாறி இரண்டு ஆண்டு காத்திருந்தால் புழு செத்துவிடும் என்று நம்ப முடியாததற்குக் காரணம் இந்தக் கூடுதான்.

ஊட்டியை அடுத்த முத்தோரையில் 1957 முதல் இயங்கும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் முக்கியமான வேலைகளில் ஒன்று இந்தப் புழுவோடு மல்லுக்கட்டுவது. எதிர்ப்புத் திறன் கொண்ட குஃப்ரி சுவர்ணா ரகம் நீலகிரிக்கென்றே வந்தது. நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கு வெளியே போகாமல் தடுக்கத் தமிழக அரசு 1971-இலேயே கட்டுப்பாடு விதித்தது. அப்படியும் 2018-இல் இமாச்சலம், உத்தராகண்ட், ஜம்மு-காஷ்மீர் பகுதிகளிலும் இப்புழு இருப்பது தெரியவந்து, அங்கிருந்து விதைக்கிழங்கு கொண்டுபோகவும் தடை வந்தது.

சாப்பிடுகிறவருக்கு இந்தப் புழுவால் எந்தத் தீங்கும் இல்லை. கிழங்கைத் தாராளமாகச் சமைக்கலாம். கவலை மண்ணைப் பற்றியது. கூடு பரவுவது மண்வெட்டி, சாக்கு, வண்டிச் சக்கரம், செருப்பு ஆகியவற்றில் ஒட்டிய மண் வழியாக. ஒரே நாளில் மூன்று தோட்டம் பார்த்து, நடுவில் காலைக் கழுவாமல் திரிகிற பார்வையாளர், தெரியாமலே விவசாயி செய்ய அஞ்சும் வேலையைச் செய்துவிட முடியும். ஆகவே:

1. வரப்பிலும் பாதையிலும் மட்டும் நடங்கள்; பாத்திக்குள் இறங்க வேண்டாம்.
2. ஒரு தோட்டத்தை விட்டுக் கிளம்புமுன் செருப்பு மண்ணை அங்கேயே தட்டிக் கழுவிவிடுங்கள்.
3. நாற்று, வேரோடு கூடிய செடி, ஒரு பிடி மண் எதையும் நினைவுப் பொருளாக எடுக்காதீர்கள்.
4. வாங்கிய கிழங்கில் முளை விட்டதை இன்னொரு மலைத் தோட்டத்தில் ஊன்றிப் பார்க்கும் ஆசை வேண்டாம். கொடைக்கானலிலோ ஏற்காட்டிலோ உறவினர் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

பயண ஏற்பாட்டைப் பொறுத்தவரை, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் வைக்கப்பட்டது. அரசு பஸ்ஸிலோ ரயிலிலோ வருகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை. விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. கிளம்புமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு மாவட்டம் முழுவதும் தடை இருப்பதால் துணிப்பை கையில் இருக்கட்டும். உழவர் சந்தைக்குக் காலையிலேயே போய்விடுவது நல்லது. கூட்டம் அலைமோதும் மே மாதத்தில் பத்து மணிக்கு மேல் நல்ல பட்டாணி எஞ்சியிருப்பது அதிர்ஷ்டம்.